தையல் மட்டும் பளிச்சென்று இருக்கிறதா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஹீட் பிரஸ் (காகிதத்தில் அச்சடித்த படத்தைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் துணிக்கு மாற்றும் மெஷின்) பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் முக்கால்வாசி, பாலியஸ்டர் கலந்த துணியில் சப்ளிமேஷன் (காகிதத்தில் இருக்கும் சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றும் அச்சு முறை) அடிப்பதைப் பற்றித்தான். சிலர் துணித் துண்டையே உறையில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அவற்றை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பன்னிரண்டு வருஷம் பிரஸ் முன்னால் நின்றவள் நான். வலது முன்கையில் இரண்டு சூட்டுத் தழும்பு இருக்கிறது. கீழே சொல்வதில் பாதி, துணியைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டது.

கேள்வி: அக்கா, 65 சதவீதம் பாலியஸ்டரும் 35 சதவீதம் காட்டனும் கலந்த வெள்ளை டி-ஷர்ட்டில் படம் அடித்தேன். பிரஸ்ஸைத் திறந்தபோது கண்ணைப் பறித்தது. ஒரே துவையலில் சோகை பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மை விற்றவர் என்னை ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவரை விட்டுவிடுங்கள் தம்பி, மை நல்ல மைதான். நீங்கள் அனுப்பிய துண்டை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரே நூலுக்குள் சில இழைகள் அடர் நீலம். அவற்றை ஒட்டியே ஓடும் இழைகள் சுண்ணாம்பு வெள்ளை. நீலமாக இருப்பது பாலியஸ்டர், வெள்ளையாக இருப்பது காட்டன். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் இரண்டும் கலந்து வெளிர் நீலமாகத் தெரிகிறது. உங்கள் படத்துக்கு மூன்றில் ஒரு பங்கு துணி இடமே கொடுக்கவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

சப்ளிமேஷன் மையில் இருப்பது டிஸ்பர்ஸ் சாயம். தண்ணீரில் கரையாது, நுண்ணிய தூளாக அதில் மிதந்துகொண்டிருக்கும். சூடு பட்டால் உருகாமல் நேரே ஆவியாகிவிடும், கற்பூரம் மாதிரி. பாலியஸ்டரோ 70, 80 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உள்ளுக்குள் இளக ஆரம்பித்துவிடுகிறது. 190, 200 டிகிரிக்குப் போனால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் நன்றாகவே அசைந்து இடம் விடும். அது உருகவேண்டும் என்றால் 250 டிகிரியைத் தாண்டவேண்டும், ஆகவே துணி தப்பித்துக்கொள்ளும். சங்கிலிகள் விட்ட இடத்தில் சாய ஆவி நுழைகிறது. துணி ஆறியதும் கதவு சாத்திக்கொள்கிறது. சாயம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. நல்ல பாலியஸ்டரில் அடித்த படத்தைத் தடவினால் விரலுக்கு எதுவுமே தட்டுப்படாமல் இருப்பது இதனால்தான்.

காட்டனின் குணம் வேறு. அது செல்லுலோஸ், தண்ணீரைத் தேடும் இழை. அதற்கும் டிஸ்பர்ஸ் சாயத்துக்கும் ஒட்டாது. ஆவி அதன் மேல் தூசி மாதிரி படிந்து உட்கார்ந்திருக்கும். பிரஸ்ஸிலிருந்து எடுத்த நிமிஷத்தில் படம் கண்ணைப் பறித்ததற்கு அந்தப் படிவும் ஒரு காரணம். சோப்பு பட்டதும் அது கிளம்பிவிட்டது.

100 சதவீதம் பாலியஸ்டர் என்றால் முழு நிறம் கிடைக்கும். 65 என்றால் வெயிலில் கிடந்த போஸ்டர் மாதிரி ஒரு மங்கல். சில படங்களுக்கு அதுவே அழகு. பாதிக்குப் பாதி என்றால் நான் தொடுவதில்லை. முதன்முதலாக ஒப்புக்கொண்ட பெரிய வேலையை அப்படித்தான் கெடுத்தேன். ஒரு குழுவுக்கு இருபத்து நான்கு சட்டை. கொடுத்த அன்று எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வாரம் ஒருவர் வந்தார். வாயைத் திறக்கவில்லை. துவைத்த சட்டை ஒன்றையும் துவைக்காத சட்டை ஒன்றையும் என் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு நின்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அதிலிருந்து கலப்புத் துணியில் அடித்த மாதிரியைத் துவைக்காமல் யார் கண்ணிலும் காட்டுவதில்லை. துவைத்து, உலர்த்தி, 'இப்படித்தான் இருக்கும், சம்மதமா?' என்று கேட்ட பிறகுதான் மிச்சத்தை அடிப்பேன்.

கம்ப்யூட்டரில் நிறத்தை ஏற்றி அடித்தால் சரியாகுமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் உதவும். பாலியஸ்டர் இழைகள் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். வெள்ளை இழை வெள்ளையாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் படத்தையே துணிக்கு ஏற்ற மாதிரி தேர்ந்தெடுங்கள். மெல்லிய கோடு, பொடி எழுத்து, முகங்கள் எல்லாம் கலப்பில் உதிர்ந்துபோன மாதிரி தெரியும். அகலமான வண்ணத் திட்டுகள் தாங்கும்.

கேள்வி: மொத்தமாக வாங்கிய துணி. லேபிள் இல்லை. விற்றவர் 'பாலி மிக்ஸ்' என்கிறார், எவ்வளவு மிக்ஸ் என்றால் சிரிக்கிறார். வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் சதவீதம் சொல்லாது. துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவித் திரியாக முறுக்குங்கள். இடுக்கியில் பிடித்து, ஒரு உலோகத் தட்டுக்கு மேலே நெருப்புக் காட்டுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். காட்டன் என்றால் சட்டென்று பற்றி எரியும், காகிதம் எரிகிற வாடை வரும், விரலில் நசுக்கினால் மாவாகிற சாம்பல் மிஞ்சும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருண்டு பின்வாங்கும், உருகும், கரும்புகை விடும், ஆறிய பிறகு கடுகு மாதிரி கெட்டியான ஒரு மணி மிஞ்சும். கலப்பு இரண்டையும் செய்யும். காகிதம் மாதிரி எரியும், சாம்பலை நசுக்கினால் நறநறவென்று இருக்கும். மணி ஆறும் முன் தொட்டுவிடாதீர்கள், தோலில் ஒட்டிக்கொண்டு எரியும்.

ஒரு எச்சரிக்கை. நூலைத் துணியிலிருந்துதான் உருவவேண்டும், தையலிலிருந்து உருவக்கூடாது. தைக்கிற நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். துணி முழுக்க காட்டனாக இருந்தாலும் அப்படித்தான். இதை நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பாலியஸ்டர் என்று நம்பி ஒரு சட்டையில் நெஞ்சிலிருந்து தோள் வரை சிவப்பு அடித்தேன். இரண்டு முறை துவைத்ததும் துணி முழுவதும் வெளிறிய ரோஜா நிறம். தோள் தையல் மட்டும் ரத்தச் சிவப்பில் கோடு போட்டது மாதிரி பளிச்சென்று நின்றது. சட்டை தன் கதையைத் தானே சொல்லிவிட்டது. உங்களிடம் அப்படி ஒரு சட்டை இருந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

சதவீதம் தெரியவேண்டும் என்றால் நேர்வழி இதுதான்: ஏற்கனவே கலப்பு தெரிந்த துணி ஒன்று, தெரியாத துணி ஒன்று, இரண்டிலும் ஒரே கறுப்புச் சதுரத்தை ஒரே சூட்டில் அடியுங்கள். வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டையும் ஒன்றாகத் துவைத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் 100, 65, 50 என்று மூன்று கறுப்புச் சதுரங்களை அட்டையில் ஒட்டி பிரஸ் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். அதற்கு எதிரில் பிடித்தால் போதும்.

கேள்வி: வீடியோவில் எல்லோரும் 385 டிகிரி, 400 டிகிரி என்கிறார்கள். என் மெஷின் 230-க்கு மேல் போகமாட்டேன் என்கிறது. பழுதா?

பதில்: அவர்கள் சொல்வது ஃபாரன்ஹீட். 385 ஃபாரன்ஹீட் என்பது சுமார் 196 செல்சியஸ், 400 என்பது சுமார் 204. உங்கள் மெஷின் செல்சியஸில் காட்டுகிறது. இன்னொரு வாசகருக்கு இதே குழப்பம் தலைகீழாக நடந்திருக்கிறது: ஃபாரன்ஹீட்டில் இருந்த மெஷினில் 200 வைத்து, 'படம் காகிதத்தை விட்டு வரவே இல்லை' என்று எழுதியிருக்கிறார். அது 93 டிகிரி செல்சியஸ்தான். சாயம் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

அப்புறம், திரையில் தெரிகிற எண்ணை முழுக்க நம்பவேண்டாம். என் பழைய பிரஸ்ஸில் நடுவில் ஒரு சூடு, முன் இடது மூலையில் அதைவிடக் குறைவு. அந்த மூலையில் விழுந்த எழுத்து எப்போதும் மங்கும். சூடு காட்டும் பட்டைகளை நாலு மூலையிலும் நடுவிலும் வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தால் உங்கள் பிரஸ்ஸின் குணம் தெரிந்துவிடும்.

கேள்வி: 200 டிகிரியில் 60 வினாடி வைத்தால் கலப்புத் துணி லேசாகப் பழுப்பேறுகிறது, கறுப்பு பழுப்பாகிறது. குறைத்தால் நிறம் ஏறவில்லை. எங்கே நிற்பது?

பதில்: கலப்பில் காட்டன்தான் முதலில் பழுப்பேறும். கறுப்பு பழுப்பாவது சாயம் அதிகம் வெந்துவிட்டதற்கு அடையாளம். நான் கலப்புத் துணிக்கு 190-ல் 45 வினாடியிலிருந்து தொடங்கி, ஐந்தைந்து வினாடியாக ஏற்றிப் பார்ப்பேன். சூட்டையும் நேரத்தையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாமல் போய்விடும், ஒன்றை மட்டும் தொடுங்கள். முதலில் துணியை வெறுமனே ஐந்து பத்து வினாடி அழுத்தி எடுங்கள். காட்டனில் எப்போதும் ஈரம் இருக்கும். அது நீராவியாகிக் காகிதத்துக்கும் துணிக்கும் நடுவில் புகுந்தால் நிறம் திட்டுத் திட்டாக விழும். இன்னொன்று, ஏறாத நிறம் கலப்பினால் ஏறாதது என்றால் எந்தச் சூடும் ஏற்றாது. அந்த இடத்தில் நின்றுவிடவேண்டியதுதான்.

கேள்வி: எழுத்துக்கு நிழல் விழுகிறது அக்கா. ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் அதே எழுத்து மங்கலாக. பார்த்தால் கண் வலிக்கிறது. டேப் ஒட்டியும் போகவில்லை.

பதில்: நிழல் எப்போது விழுகிறது என்று தெரிந்தால் தீர்ந்தது. அழுத்தும்போது விழுவதைவிட, பிரஸ்ஸைத் திறக்கிற அந்த நொடியில் விழுவதுதான் அதிகம். காகிதம் இன்னும் கொதிக்கிறது, சாயம் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. மேல் தட்டு எழும்பும்போது காற்றை உறிஞ்சிக்கொண்டு எழும்பும். கூடவே காகிதமும் ஒரு மயிரிழை எழும்பி, நகர்ந்து, திரும்ப உட்காரும். உட்கார்ந்த இடத்தில் இரண்டாவது எழுத்து.

உங்கள் துண்டில் நிழல் எல்லா எழுத்துக்கும் ஒரே பக்கம், ஒரே தூரம் விழுந்திருக்கிறது. அப்படியானால் காகிதம் மொத்தமாக நகர்ந்திருக்கிறது. டேப்பை மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டினீர்களோ? எதிரெதிர் ஓரங்களில் ஒட்டுங்கள். சூடு தாங்கும் டேப்பாக இருக்கவேண்டும், படத்தின் மேல் ஏறக்கூடாது. மூடியைப் படாரென்று தூக்காமல் முதலில் மெதுவாக விடுவித்து அப்புறம் தூக்குங்கள். தூக்கியதும் ஒரு ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் காகிதத்தை உரித்துவிடுங்கள். பாதி உரித்து, படம் எப்படி வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்து, திரும்ப வைத்தால் போச்சு. எட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும்தான்.

ஒருவேளை நிழல் நடுவில் இல்லாமல் ஓரங்களில் மட்டும், எல்லாத் திசையிலும் விழுந்தால் காரணம் வேறு: சூட்டில் துணி சுருங்கியிருக்கிறது, காகிதம் சுருங்கவில்லை. கலப்புத் துணியில் இது சகஜம். முன்கூட்டி அழுத்தி எடுத்தால் சுருங்கவேண்டியது அப்போதே சுருங்கிவிடும். துணியில் லேசாக ஒட்டிக்கொள்ளும் பசைக் காகிதமும் கிடைக்கிறது. விளையாட்டுச் சட்டைத் துணி மாதிரி இழுபடும் துணிக்கு அது இல்லாமல் நான் வேலை செய்வதில்லை.

கேள்வி: படம் நன்றாக வந்தது. ஆனால் படத்தைச் சுற்றி காகிதத்தின் ஓரம் சட்டம் போட்ட மாதிரி பதிந்துவிட்டது. துவைத்தும் போகவில்லை.

பதில்: அது சாயம் இல்லை, பாலியஸ்டர் நசுங்கிய தடம். இளகிய நிலையில் காகிதத்தின் விளிம்பு அமுக்கினால் இழை அப்படியே தட்டையாகி, ஆறி, நின்றுவிடும். அழுத்தத்தைக் குறையுங்கள். காகிதத்தின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மெலிந்துகொண்டே போவதால் தடம் பதியாது. சட்டைக்குள்ளே, படத்தைவிடப் பெரிதாகவும் காகிதத்தைவிடச் சிறிதாகவும் சூடு தாங்கும் ஃபோம் துண்டு ஒன்றை வைத்தால் காகித ஓரம் அழுத்தமே இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். ஏற்கனவே விழுந்த தடத்துக்கு மேல் இஸ்திரிப் பெட்டியைத் தொடாமல் பிடித்து நீராவி காட்டிப் பாருங்கள். சில சமயம் எழும்பும்.

கேள்வி: கறுப்பு டி-ஷர்ட்டில் சப்ளிமேஷன் செய்ய முடியாது என்கிறார்கள். வெள்ளை மை வாங்கினால் முடியாதா?

பதில்: சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. இந்தச் சாயங்கள் எல்லாம் வண்ணக் கண்ணாடி மாதிரி, பின்னால் இருக்கும் நிறம் ஊடுருவித் தெரியும். வெள்ளைத் துணியில் அடிக்கும்போது வெள்ளையைக் கொடுப்பதே துணிதான். மஞ்சள் துணியில் நீலம் அடித்தால் பச்சை வரும். கறுப்பில் என்ன அடித்தாலும் கறுப்பு.

கலப்புத் துணிக்காரர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள்: அடர் நிறச் சட்டையில் ஒரு பகுதியை பிளீச்சில் வெளுத்து, அந்த வெளுத்த இடத்தில் படம் அடிப்பது. காட்டனில் ஏறிய சாயத்தை குளோரின் பிளீச் எடுத்துவிடும். பாலியஸ்டருக்குள் ஏறியது பெரும்பாலும் அசையாது. ஆகவே எந்தச் சட்டை எவ்வளவு வெளுக்கும் என்பது நூலை எப்படிச் சாயமேற்றினார்கள் என்பதைப் பொறுத்தது. உள் மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். வெளுத்த பிறகு நிறையத் தண்ணீரில் அலசி, ஹைட்ரஜன் பெராக்சைடில் முக்கி எடுத்து, மறுபடி அலசி உலர்த்தவேண்டும். துணியில் பிளீச் மிச்சம் இருந்தால் பிரஸ் சூட்டில் இற்றுப்போகும். பிளீச்சை நிறுத்த வினிகர் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். லைக்ரா (ஸ்பான்டெக்ஸ் என்கிற இழுபடும் இழை) கலந்த துணிக்கு பிளீச் காட்டவே கூடாது, இழுவையே போய்விடும்.

வெறும் கறுப்பில் பளிச்சென்ற படம்தான் வேண்டும் என்றால் டிடிஎஃப் (பிளாஸ்டிக் படலத்தில் அச்சடித்த படத்தைச் சூட்டில் துணி மேல் ஒட்டும் முறை) பக்கம் போங்கள். அதில் வெள்ளை மை உண்டு, காட்டனிலும் ஒட்டும். தடவினால் கைக்குத் தெரியும், அது ஒன்றுதான் குறை.

கேள்வி: நான் பள்ளி விளையாட்டு ஆசிரியர். 8 சதவீதம் ஸ்பான்டெக்ஸ் கலந்த பாலியஸ்டர் துணியில் அணிச் சீருடை செய்தோம். கடை அலமாரியில் தொங்கும்போது அடர் நீலம். மாணவர்கள் போட்டுக்கொண்டு குனிந்தால் முழங்காலிலும் முதுகிலும் வெள்ளை பல்லிளிக்கிறது. இன்னொன்று: வெள்ளையில் தனியாக ஸ்கிரீன் பிரிண்ட் செய்த எண், சிவப்புச் சீருடையில் ஒரு வாரத்தில் ரோஜாவாகிவிட்டது.

பதில்: ஐயா, இரண்டும் வேறு வேறு நோய். முதலாவது, சாயம் துணியின் மேல் முகத்தில்தான் ஏறியிருக்கிறது. பின்னலுக்கு உள்ளே மறைந்திருக்கும் பக்கங்களுக்கு ஆவி போய்ச் சேரவில்லை. துணி விரியும்போது அந்தப் பக்கங்கள் வெளியே வருகின்றன. அதிகச் சூடும் நேரமும் வைத்து உள்ளே தள்ளலாம் என்றால் ஸ்பான்டெக்ஸ் சூட்டில் தளர்ந்துவிடும். 180, 185-ஐ ஒட்டியே நிற்கவேண்டியிருக்கும். அடுத்த முறை நெருக்கமான பின்னல் துணியாகக் கேளுங்கள். உடம்போடு இறுக்கமாக விரிகிற இடங்களில் முழு அடர் நிறத்தைத் தவிர்த்து, வெளிர் நிறமோ கலைந்த வடிவமோ வைத்தால் வெள்ளை தெரிந்தாலும் கண்ணில் உறுத்தாது. தைத்த சட்டையில் அடித்தார்களா, வெட்டிய துண்டில் அடித்துப் பிறகு தைத்தார்களா என்றும் கேளுங்கள். தைத்ததில் அடித்தால் அக்குளிலும் தையல் ஓரத்திலும் துணி மடங்கி வெள்ளைக் கீற்று விழும். துண்டில் அடித்தால் அந்தத் தொல்லை கிடையாது.

இரண்டாவதுதான் எனக்குப் பிடித்த நோய், ஏனென்றால் அதில் சாயம் திருடன் மாதிரி நடந்துகொள்ளும். பாலியஸ்டருக்குள் ஏறிய சாயம் நிரந்தரம் என்று சொன்னேன் அல்லவா? மறுபடி சூடு கிடைக்கும் வரை நிரந்தரம். ஸ்கிரீன் பிரிண்டில் பயன்படும் பிளாஸ்டிசால் மை இறுக 160 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் துணியின் சிவப்பு மறுபடி ஆவியாகி மேலே இருக்கும் வெள்ளை மைக்குள் புகுந்துவிடுகிறது. அன்றைக்கே தெரியாது. நாலு நாள், ஒரு வாரம் கழித்துத்தான் வெள்ளை மெல்ல ரோஜாவாகும். சிவப்புதான் இதில் மோசம். கொடுத்தவரும் வாங்கியவரும் சண்டை போடுவது இந்த இடைவெளியில்தான், 'நான் கொடுக்கும்போது வெள்ளையாகத்தான் இருந்தது' என்று அவர் சொல்வதும் உண்மை.

குறைந்த சூட்டில் இறுகும் மை இருக்கிறது. வெள்ளைக்கு அடியில் கரி கலந்த சாம்பல் நிறத் தடுப்பு மை ஒரு பூச்சு விடுவதும் உண்டு. ஆனால் வெள்ளைத் துணியில் சப்ளிமேஷன் செய்து சிவப்பாக்கிய சீருடைக்கு வெள்ளை எண்ணைத் தனியாக ஏன் அச்சடிக்கவேண்டும்? எண்ணின் வடிவத்தை வடிவமைப்பிலேயே வெறுமனே விட்டுவிட்டால் துணியின் வெள்ளையே எண்ணாக நிற்கும். கூடுதல் மை இல்லை, உரிவதும் இல்லை, ரோஜாவும் இல்லை.

கேள்வி: வெள்ளையில் அடித்தால் அங்கங்கே பொட்டுப் பொட்டாக நீலப் புள்ளி. பிரின்டர் துப்புகிறதா?

பதில்: காகிதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அதில் புள்ளி இல்லை என்றால் குற்றவாளி துணியில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசிதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு சாயநூல் துணுக்கு போதும், சூட்டில் நீலமாகவோ சிவப்பாகவோ பதிந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒட்டும் உருளையால் துணியைத் துடைத்துவிட்டு அடியுங்கள். அடர் நிறச் சட்டை போட்டுக்கொண்டு வெள்ளைத் துணியில் வேலை செய்யாதீர்கள்.

கேள்வி: 100 சதவீதம் காட்டனிலும் சப்ளிமேஷன் வரவைக்கும் ஸ்பிரே விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: அந்த ஸ்பிரே காட்டன் மேல் ஒரு பாலிமர் படலத்தை விடுகிறது. சாயம் அந்தப் படலத்தைப் பிடித்துக்கொள்கிறது, துணியை அல்ல. படலம் துவையலில் தேயத் தேயப் படமும் தேயும். அடித்த இடம் கஞ்சி போட்ட மாதிரி விறைக்கும். ஒரு நாள் போட்டுக்கொள்ளும் சட்டைக்குச் சரி. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் வேலைக்கு நான் தொடமாட்டேன். சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கேள்வி: வீட்டில் இருக்கும் சாதா இங்க்ஜெட் பிரின்டரில் சப்ளிமேஷன் மை ஊற்றலாமா? சாதா இஸ்திரிப் பெட்டி போதுமா?

பதில்: பிரின்டர் பீசோ வகைத் தலை கொண்டதா என்று பாருங்கள். அது மையை அமுக்கித் துளியாகத் தள்ளும். இன்னொரு வகை, மையைச் சுடவைத்துக் குமிழியாக்கித் தள்ளும். சூட்டுக்கு ஆவியாகும் மையை அதில் ஊற்றுவது சரிவராது. பீசோ என்றாலும் புது பிரின்டராக எடுத்து, அதைச் சப்ளிமேஷனுக்கே ஒதுக்கிவிடுங்கள். அடிக்கடி ஏதாவது அச்சடித்துக்கொண்டே இருங்கள், சும்மா கிடந்தால் துளைகள் அடைத்துக்கொள்ளும். அச்சடித்த காகிதத்தில் நிறம் செத்துப்போன மாதிரி தெரிந்தால் பயப்படவேண்டாம், சூடு பட்ட பிறகுதான் அதன் உண்மையான நிறம் வரும். எழுத்து இருந்தால் மிர்ரர் போட, அதாவது இடவலம் மாற்றி அச்சடிக்க, மறக்காதீர்கள்.

இஸ்திரிப் பெட்டி வேண்டாம். அடியில் நீராவித் துளைகள், இடத்துக்கு இடம் வேறு வேறு சூடு, கை அழுத்தம் ஒரே மாதிரி இருக்காது. அதோடு, தேய்த்து நகர்த்தினால் மேலே சொன்ன நிழல்தான் வரும்.

கேள்வி: இதை யார் முதலில் கண்டுபிடித்தார்கள்?

பதில்: பிரான்ஸில் நோயல் த பிளாஸ் என்பவர், 1957 வாக்கில், ரூபே நகரத்தின் கம்பளி நூற்பு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபோது என்று சொல்வார்கள். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயம் நடந்திருக்கவேண்டும். டிஸ்பர்ஸ் சாயங்கள் 1920-களில் அசிடேட் என்ற செயற்கை இழைக்காக உருவாக்கப்பட்டவை; அந்த இழைக்கு மற்ற சாயம் ஒன்றும் சரியாக ஏறவில்லை. பாலியஸ்டர் இழையை இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் 1941-ல் கண்டுபிடித்தார்கள். வேறு ஒரு இழைக்காகப் பிறந்த சாயம், பின்னால் வந்த இழைக்கு இவ்வளவு பொருந்திப்போனது.

கேள்வி: ஒரு முறை அழுத்திய காகிதத்தில் இன்னும் படம் தெரிகிறது. திரும்பப் பயன்படுத்தலாமா? தூக்கிப் போட மனசு வரவில்லை.

பதில்: படமாக வராது அம்மா, ஆவியாகவேண்டியதில் பெரும்பங்கு போய்விட்டது. மிச்சம் வந்தாலும் பேய் மாதிரி வரும். ஆனால் 'ஒன்றும் இல்லை' என்று நினைத்தும் விடாதீர்கள். பிரஸ்ஸின் மேல்தட்டில் சாயம் ஒட்டாமல் இருக்க ஒவ்வொரு முறையும் புதிய வெற்றுக் காகிதம் ஒன்றை மேலே போடவேண்டும். சிக்கனம் என்று நினைத்து ஒருமுறை பழைய அச்சுக் காகிதத்தை, அச்சு மேல்தட்டைப் பார்க்கும்படி போட்டேன். சாயம் தட்டில் ஒட்டிக்கொண்டது. அடுத்து அழுத்தியது ஒரு வெள்ளைச் சட்டை. நெஞ்சில் அடித்த பூ அழகாக வந்திருந்தது. அதற்கு மேலே, தோளில், முந்தின வாரத்து வாடிக்கையாளரின் பெயர் பாதி, கண்ணாடியில் தெரிவது மாதிரி இடவலம் மாறி, வெளிர் ஊதாவில். அந்தச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். பிரஸ் ஆறிய பிறகு தட்டைத் துடைப்பது அந்தச் சட்டையால்தான்.